சத்து மாத்திரை

வரிசை நகர்ந்த மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது. வசந்தாமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டாலும் விட்டார்கள், ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் என்று மூன்று ஊர்ச் சனமும் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்த விளையாட்டுப் பூங்காவுக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் ஈரத் தலை, ஈரத் துணி, அழுகிற குழந்தை. இரும்புக் கம்பிக்கு நடுவே மடங்கி மடங்கிப் போகிற வரிசையில் அதோ, அந்த மஞ்சள் சுடிதார்தான் பிருந்தா. பெற்ற மகளைத் துணியை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நெட்டையாக நிற்பவன் சிபி. உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆவணியில் கல்யாணம், அதற்குள் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று வசந்தாமணிக்கு வாய் ஓயவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போய்வந்தால் பழக்கம் கெட்டிப்படும் என்று சொன்னது அவன் அம்மா சம்பூரணம். அந்த அம்மாள் இப்போது இதே சிமெண்டு பெஞ்சில், தொடையோடு தொடை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, டிக்கெட் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் இரண்டு பேரும் அலை வருகிற குளத்தில் கிடக்கிறார்கள். செருப்பும் பையும் துண்டும் காவல் காக்கிற வேலை அம்மாக்களுக்கு. எங்கே போனாலும் இது ஒன்று மாறுவதில்லை.

மேலே தண்டவாளத்தில், அந்த வரிசை காத்திருக்கிற வண்டி தகரம் கிழிகிற சத்தத்தோடு ஓடிற்று. கூடவே ஒரு கூட்டம் வீல் என்று கத்திற்று. உயரத்தில் வளைந்து, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, சிமெண்டில் கட்டிய பொய் மலைக்குள் போய் மறைந்தது. வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கத்தல் சந்தோஷக் கத்தல்தான், தெரியும். எந்தக் கத்தலும் முதல் நொடியில் ஒன்று போலத்தான் இருக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ப்ரேயரில் பிருந்தா கத்தியபோதும் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம். விளையாடுகிறாள் என்று நினைத்தார்களாம். பத்தாம் வகுப்பு. போன் வந்து இவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆபீஸ் ரூம் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள், கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள், பாவாடை நனைந்திருந்தது. கடைவாயில் காய்ந்த நுரை. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இவள் முதலில் கேட்டது என்ன? வலிக்குதா கண்ணு என்றா கேட்டாள்? இல்லை. யாரு யாரு பாத்தாங்க. அதுதான் கேட்டாள். அப்புறம் வீட்டில் மறுபடியும் அது வந்தபோதும், அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருக்கப் பிருந்தா தரையில் வெட்டிக்கொண்டு கிடந்தபோதும், இவள் முதலில் ஓடியது ஜன்னலைச் சாத்தத்தான். தெளிந்து எழுந்த பிள்ளை, பேச்சு இன்னும் குழறும்போதே, "யாராச்சும் பாத்தாங்களாம்மா?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை அது எங்கே படித்தது என்று சொல்லத் தேவையில்லை.

"அத்தனை எழுதிப் போட்டிருக்கறான் பாருங்க" என்றாள் சம்பூரணம். வரிசை தொடங்குகிற இடத்தில் இருந்த பலகையை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். "இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், முதுகுவலி உள்ளவர்கள், யாரும் ஏற வேண்டாம். அப்புறம் யாருதானுங்க ஏறறது? எனக்கு முதுகுவலி, உங்க சம்மந்திக்குப் பிரஷரு. நாம இங்கெயே குந்தியிருக்க வேண்டியதுதான். புள்ளைக ரெண்டுக்கும் ஒரு நோவு நொடி இல்லீங்க, ஆத்தா புண்ணியத்துல." "ஆமாங்க" என்றாள் வசந்தாமணி. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த ஆமாங்க. நாக்கு கூசவில்லை. காலையில் கேட்டில் பையைச் சோதித்தபோதும் இப்படித்தான். வெளித் தீனி கூடாது என்று சம்பூரணத்தின் முறுக்குத் தூக்கையும் தட்டைப் பொட்டலத்தையும் எடுத்து வைத்துக்கொண்டான் காவல்காரன். அந்த அம்மாள் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காவல்காரி ஒருத்தி வசந்தாமணியின் கைப்பைக்குள் கையை விட்டு மாத்திரைக் குப்பியை வெளியே எடுத்துவிட்டாள். "இதென்னங்க்கா?" சம்பூரணத்தின் தலை திரும்பியது. "சத்து மாத்திரைங்க. எனக்கு. ரத்தம் கம்மின்னு." மேல் ஒட்டுக் காகிதத்தைச் சுரண்டி எடுத்த குப்பி. அந்த வேலையை எப்போதோ வீட்டில் உட்கார்ந்து நகத்தாலேயே செய்து வைத்திருந்தாள். "முருங்கைக்கீரை தின்னுங்க சம்மந்தி, மாத்தரை எதுக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முறுக்குக்குத் திரும்பிவிட்டாள்.

மாத்திரை. காலை மாத்திரை. பிருந்தா போட்டாளா? வசந்தாமணி நெற்றியைத் தேய்த்தாள். கோழி கூப்பிடும் முன்னால் வேன் வந்துவிட்டது. ராத்திரி பிருந்தா தூங்கியதே கொஞ்சம்தான், போனில் அவனோடு பேசிக்கொண்டேயிருந்தாள், போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. அதட்டியிருக்கலாம். சந்தோஷமாகப் பேசுகிறாளே என்று விட்டாள். தூக்கம் கெடக்கூடாது என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். தூக்கம் கெடக்கூடாது, பட்டினி கிடக்கக்கூடாது, மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது, அவ்வளவுதாம்மா, எல்லாரையும் போல இருக்கலாம், கல்யாணமும் பண்ணலாம், ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்க. கடைசியில் அந்த ஆனாவைப் போட்டுத்தான் அவர் கெடுத்தார். சொல்லிவிட்டுப் பண்ணுவதாம். தாராபுரத்துக்காரர்கள் வந்து, பெண் பார்த்து, பூ வைக்க நாள் குறித்து, பந்தல்காரன் வரைக்கும் பேசியாயிற்று. யாரோ ஒரு புண்ணியவதி, கூடப் படித்தவளின் அம்மாவோ யாரோ, ஒரு வார்த்தை போட்டாள். ஜாதகம் சரியாக வரவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இவள் சாப்பிட உட்காரும்போது எதிர்ப் பந்தியில் இரண்டு தலை ஒட்டிக்கொள்ளும். அவர்கள் புடவை விலை பேசியிருக்கலாம். இவளுக்கு அது காதில் வேறு மாதிரிதான் விழுந்தது. அந்தச் சோறு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

காலை மாத்திரையை எடுத்துக் கைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டது நன்றாக நினைவிருக்கிறது. குப்பியைப் பிருந்தாவின் பையில் வைப்பதில்லை. சிபி உரிமையாக அந்தப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறான், சார்ஜர் தேடுகிறேன் என்று உள்ளே துழாவுகிறான். அதனால் மாத்திரை அம்மாவின் பொறுப்பு. அவினாசியில் டிபனுக்கு நிறுத்தினார்கள். கை கழுவுகிற இடத்தில் கொடுத்துவிடுவதாகக் கண் ஜாடை. பிருந்தா எழுந்து வந்தாள். கூடவே "வாங்க, நானும் வாறேன்" என்று சம்பூரணமும் எழுந்து வந்துவிட்டாள். மூன்று பேரும் வரிசையாக நின்று கை கழுவினார்கள். கண்ணாடியில் பிருந்தா இவளைப் பார்த்தாள். அப்புறம் என்று இவள் தலையை லேசாக ஆட்டினாள். அப்புறம் எப்போது? டீக்கு ஒரு இடத்தில் நிறுத்தினார்களே, அங்கே கொடுத்தாளா? உள்ளங்கையில் வைத்து அழுத்தியது, பிருந்தா தண்ணீர் பாட்டிலை அண்ணாந்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதில் பிருந்தா நைட்டி போட்டிருக்கிறாள். அப்படியானால் அது நேற்று ராத்திரி. இல்லை, நைட்டியைத் தானாகச் சேர்த்துக்கொண்டாளோ? தினமும் செய்கிற காரியத்தில் எது இன்றைக்கு, எது நேற்று என்று எப்படிப் பிரிப்பது. கைப்பை மடியில்தான் இருக்கிறது. திறந்து கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். திறக்கவில்லை.

"பாருங்க, உங்க புள்ளை உங்களையே பாத்துட்டு நிக்குது" என்று சம்பூரணம் இடித்தாள். வரிசை ஒரு மடிப்பு திரும்பியிருந்தது. மஞ்சள் சுடிதார் இந்தப் பக்கம் முகம் காட்டி நின்றது. இத்தனை தூரத்தில் கண் தெரியவில்லை, முகம் இங்கே திரும்பியிருப்பது மட்டும் தெரிந்தது. "அம்மாவ உட்டுட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டீங்குதே. எங்க ஊட்டுக்கு வந்து எப்பிடிங்க இருக்கப்போகுது? கைய ஆட்டுங்க." வசந்தாமணி கையைத் தூக்கி ஆட்டினாள். சிரித்தாள்கூட. பிருந்தா பதிலுக்கு ஆட்டவில்லை. கூட்டம் தள்ளியது, திரும்பிக்கொண்டாள்.

ஒரு சத்தம் போதும். எழுந்து கம்பி ஓரம் போய், கண்ணு வந்துரு, வெயில்ல தலை சுத்தும் என்றால் முடிந்தது. ஆனால் வெயிலைச் சொல்லியாயிற்று. காலையில் சிபி பெரிய ஊஞ்சலுக்குக் கூப்பிட்டபோது வெயில் என்று சொல்லித் தடுத்தாள். அதற்கு அடுத்து தண்ணீர்ச் சறுக்கலுக்கு இழுத்தபோது சளி பிடிக்கும் என்றாள். அப்போதே சம்பூரணம் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஏனுங்க சம்மந்தி, எதைக் கேட்டாலும் வேண்டாம் வேண்டாங்கறீங்க? புள்ளைக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். வாய் சிரித்தது. கண் சிரித்ததா என்று வசந்தாமணிக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க! போச்சொல்லுங்க, எதுல வேணும்னாலும் ஏறட்டும்" என்று பதறிச் சொன்னவள் இவள்தான். எதுல வேணும்னாலும். அடுத்த நிமிஷம் சிபி, "அத்தையே சொல்லிட்டாங்க, வா" என்று பிருந்தாவின் கையைப் பிடித்து நேராக இந்த வரிசைக்கு இழுத்துப்போனான். பிருந்தா என்ன சொல்லுவாள்? அவள் வாயைக் கட்டிவைத்ததும் இவளே. குலதெய்வம் கோயிலில், கற்பூரத்தட்டுக்கு முன்னால், பிருந்தாவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, நானா சொல்லுற வரைக்கும் நீ அவங்கிட்டச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு என்று கேட்டவள். "அவரு நல்ல மாதிரிம்மா, சொன்னாப் புரிஞ்சுக்குவாரு" என்று பிள்ளை கெஞ்சியது. எல்லாரும் நல்ல மாதிரிதான், தாராபுரத்துக்காரனும் நல்ல மாதிரிதான். கடைசியில் சத்தியம் பண்ணியது. சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஆகாது என்று நம்புகிற பிள்ளை. அதை நம்பும்படி வளர்த்தது யார்.

ஈரக்காலோடு ஒரு பெண் வந்து பெஞ்சில் மிச்சமிருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். இப்போதுதான் அந்த வண்டியில் ஏறி இறங்கி வருகிறாளாம். "மலைக்குள்ள போனதும் கும்மிருட்டுங்க. அப்புறம் பளிச் பளிச்சுன்னு லைட்டப் போட்டு அடிக்கறான் பாருங்க, கண்ணெல்லாம் போச்சு." வசந்தாமணிக்குக் காது அடைத்தது. பளிச் பளிச். ஒரு தடவை டிவியில் ஏதோ இப்படி மின்னி மின்னி ஓடிக்கொண்டிருந்தபோது பிருந்தாவுக்கு வந்ததே, அது அதனால் வந்ததா, அன்றைக்குப் பட்டினி கிடந்ததால் வந்ததா, யாருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷம் வராதது இன்றைக்கா வரும்? வராது. மாத்திரை போட்டிருந்தால் வராது. குழந்தைகள் ஊதுகிற பீப்பி, எங்கேயோ ஒலிபெருக்கியில் தொலைந்துபோன ஒரு சிறுவனின் பெயர், மக்காச்சோளம் பொரிகிற வெண்ணெய் வாசனை, குளத்துத் தண்ணீரின் மருந்து நெடி. கைப்பையின் ஜிப்பை மெல்ல இழுத்தாள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு. சம்பூரணம் அந்தப் பெண்ணிடம் எந்த ஊர், என்ன குலம், என்ன கூட்டம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். சீப்பு, சில்லறை, விபூதிப் பொட்டலம். கைக்குட்டை. நுனி. முடிச்சு. விரலை வைத்து அழுத்தினாள். முடிச்சுக்குள் கெட்டியாக, உருண்டையாக, அப்படியே இருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. தெரியாதவரைக்கும் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். தெரிந்த பின்னால் அவர் தலையில் கட்ட முடியாது. வசந்தாமணி எழுந்தாள், எழுந்துவிட்டாள், முழங்கால் நிமிர்ந்துவிட்டது. "ஏனுங்க, பாத்ரூமுங்களா? இருங்க, நானும் வாறேன்" என்றாள் சம்பூரணம். "இல்லீங்க, கால் மரத்துப்போச்சு" என்று உட்கார்ந்துகொண்டாள். மறுபடியும் எழ வேண்டும். வாயில் என்ன வைத்துக்கொண்டு எழுவது? என் மகளுக்கு வலிப்புங்க, இன்னிக்கு மாத்திரை போடலீங்க. இதற்கு எத்தனை சொல்? ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதைச் சொன்ன மூச்சோடு ஆவணி போகும், மண்டபம் போகும், சிபி போவான், வேனில் திரும்பிப் போகும்போது யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், நாளைக்கு விடிவதற்குள் ஊருக்கே தெரியும். பிருந்தாவுக்கு வயசு ஏறும். இவளும் பிருந்தாவின் அப்பாவும் போன பிற்பாடு அவள் ஒற்றையாக ஒரு வீட்டில் கிடந்து வெட்டிக்கொள்வாள், ஜன்னலைச் சாத்தக்கூட ஆள் இருக்காது. அதற்காகத்தானே இத்தனையும். அவளுக்காகத்தான். பிள்ளைக்காகத்தான் என்று மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதில் ஏதோ இடித்தது. பந்தியில் தன் தொண்டையில் நின்ற சோற்றை நினைத்தாளா, பிள்ளையை நினைத்தாளா? இரும்புக் கட்டை தோளில் பூட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இருட்டுக்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கையில் ஒரு சாவியைத் திணிக்கவும் ஆள் இல்லாமல். ஐயோ. போய்விடு, எழுந்து போய்விடு வசந்தா. வரிசை சரசரவென்று நகர்ந்தது. கடைசி மடிப்பில் மஞ்சள் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பிற்று. இந்தத் தடவை அதிக நேரம் பார்த்தது. பின்னால் இருப்பவன் தள்ளத் தள்ளப் பார்த்தது. "அட, மறுபடியும் பாருங்க!" என்று சம்பூரணம் சந்தோஷமாகத் தானே எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். வசந்தாமணியும் ஆட்டினாள். நன்றாக, தோள் வலிக்க ஆட்டினாள்.

படியேறினார்கள். பெட்டியில் உட்கார்ந்தார்கள். கட்டை இறங்கிற்று. வண்டி மேலே ஏறுகிற கடகடச் சத்தத்தில் வசந்தாமணி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டாள். முடி இறக்குகிறேன், அக்கினிச்சட்டி எடுக்கிறேன், இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை. உச்சியில் ஒரு கணம் நின்றது. விழுந்தது. மஞ்சள் எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே கோடாக ஓடிற்று. மலை விழுங்கிக்கொண்டது. அதற்குள்ளிருந்து கத்தல் வந்தது, அதில் ஒவ்வொரு தொண்டையாகப் பிரித்துத் தன் பிள்ளையின் தொண்டையைத் தேடினாள். இத்தனை நேரமா உள்ளே? போன வண்டி இத்தனை நேரம் உள்ளே இருந்ததா? "எனக்குப் பாக்கறதுக்கே பயமா இருக்குதுங்க" என்று சம்பூரணம் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். வெதுவெதுப்பான, நல்ல கை. முதுகுவலிக்காரி, காலையில் தன் பங்கு பூரியைப் பிருந்தாவின் தட்டில் போட்டவள். இந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. வண்டி வெளியே வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. கலைந்த தலையும் வெளுத்த முகமுமாகப் பிருந்தா படியிறங்கி வந்தாள், தன் காலால்தான் வந்தாள். சிபி முன்னங்கையை நீட்டிக் காட்டினான், நகம் பதிந்து சிவந்திருந்தது. "பாருங்க அத்தை, உங்க பொண்ணு என்னையப் பிச்சு எடுத்துட்டா. பேசவேயில்ல, கண்ணையே தொறக்கல." சம்பூரணம் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததை வசந்தாமணி வெயிலின்மேல் போட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் கைக்குட்டை முடிச்சைப் பிருந்தாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "போட்டுக்க சாமி" என்றாள் வாய்க்குள்ளேயே. பிருந்தா தண்ணீரைக் குடித்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. அதை அப்படியே அம்மாவின் மடியில் வைத்தாள். துண்டை எடுக்கக் குனிகிறவள் போலக் காதருகே குனிந்தாள்.

"நீ கூப்புடுவீன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீ கைய ஆட்டுனே."

அப்புறம் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, துண்டைப் பெஞ்சில் போட்டாள். "இன்னொரு தடவை போலாமா?" என்று சிபியிடம் கேட்டாள். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். "பிருந்தா" என்று வசந்தாமணி கூப்பிட்டாள். கூப்பிட்டே விட்டாள், சத்தமாகத்தான் வந்தது. மேலே வண்டி ஓடிற்று. மஞ்சள் சுடிதார் முதல் மடிப்புக்குள் நுழைந்தது. "எதுக்குங்க கூப்புடறீங்க? என்ன வேணுமுங்க?" என்றாள் சம்பூரணம், விசிறுவதை நிறுத்திவிட்டு. அவள் முகத்தைப் பார்த்தாள் வசந்தாமணி. மடியில் முடிச்சு கிடந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றாள். முதல் மடிப்பு திரும்பிற்று, இரண்டாவது மடிப்பும் திரும்பிற்று. பிருந்தா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வசந்தாமணியின் கை தானாக மேலே போய் ஆடிக்கொண்டிருந்தது.